பின்வரிசை அம்மம்மாவுக்கும் வெளிச்சம் சேர: மண்டபத்துக் குடும்பப் படங்களுக்கு பிளாஷ் போடும் விதம்

கலியாணம் முடிந்து ஐந்தாறு வருசம் கழித்து ஒரு கோல் வரும். "தங்கச்சி, அண்டைக்கு நீங்க எடுத்த குறூப் படம் இன்னும் இரிக்கா? அதில எங்கட அம்மாட முகத்த மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தர ஏலுமா?" எதற்கு என்று நான் கேட்பதில்லை. செத்த வீட்டு முப்பத்தோராம் நாளுக்கு மாலை போட்டு வைக்க வீட்டில் வேறு படம் இருந்திருக்காது. எங்கள் பக்கத்து வயதான பெண்கள் பலர் தனியாகப் படத்துக்கு நின்றதே இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததை விட்டால், யாருடையவோ கலியாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றதுதான்.

முதல் தடவை அப்படிக் கேட்டபோது ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டிப் படத்தைத் திறந்தேன். முன்வரிசையில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் பளீரென்று இருந்தார்கள். அந்த அம்மா மூன்றாம் வரிசையில் வலது மூலை. முன்னால் நின்ற உயரமான பொடியனின் தலை நிழல் அவருடைய வாயை மறைத்திருந்தது. கண்ணாடியில் இரண்டு வெள்ளை வட்டம். முகத்தை வெளிச்சமாக்கப் பார்த்தால் படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. எடுத்தது நான். பிழையும் என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு நான் குறூப் படத்தை ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: இதில் நிற்கிற எந்த முகத்தை வெட்டி எடுத்தாலும் அது தனிப் படமாக நிற்குமா? கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பழகியவை. சினிமா மாதிரி ஒரு பக்கம் இருட்டும் ஒரு பக்கம் வெளிச்சமுமாக எடுக்கிற ஆசை உள்ளவர்கள் அதைப் பொம்பிளை மாப்பிள்ளையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரில் விளையாடக்கூடாது.

நான் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதி. அப்பா பிலிம் காலத்தில் படம் எடுத்தவர். சுத்தியல் மாதிரிப் பக்கவாட்டில் பிடிக்கிற பெரிய மெட்ஸ் பிளாஷ் ஒன்று வைத்திருந்தார். பொம்பிளைப் பிள்ளை என்பதால் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பகுதிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். மற்றபடி களுவாஞ்சிகுடி, மண்டூர், செங்கலடி என்று சாமத்திய வீடுகள், அதாவது பிள்ளை பெரியபிள்ளையான சடங்குகள். கையில் இருப்பது முழுச் சட்டக் கமரா ஒன்று, 35 எம்எம் லென்ஸ் ஒன்று, 24-70 எம்எம் சூம் லென்ஸ் ஒன்று, சாதாரண பிளாஷ் இரண்டு, தள்ளி நிற்கிற பிளாஷைக் கமராவிலிருந்து அடிக்க வைக்கிற ட்ரிகர், இரண்டு ஸ்டான்ட், பிளாஷ் வெளிச்சத்தை விரிக்க இரண்டு வெள்ளைக் குடை. தூக்கிக்கொண்டு வருகிறவன் என் தம்பி.

முதலில் தூரக் கணக்கு

பிளாஷைக் கமராவின் தலையில் செருகி நேரே அடித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வேர்த்த நெற்றி மினுங்கும், பின்சுவரில் கன்னங்கரேல் நிழல் விழும், சின்னப் பிள்ளைகளின் கண் சிவக்கும். ஆனால் குறூப் படத்தில் இதையெல்லாம்விடப் பெரிய வினை ஒன்று இருக்கிறது. பிளாஷ் வெளிச்சம் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேராது. பந்தியில் கிட்ட இருக்கிறவருக்கு அகப்பை அகப்பையாகப் போட்டுவிட்டு, கடைசியில் இருக்கிறவருக்குக் கரண்டியால் தொட்டு வைக்கிற சாதி அது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, காலாகும்.

கணக்காகப் பாருங்கள். மூன்று வரிசை, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஒன்றரை மீற்றர். பிளாஷ் முன்வரிசையிலிருந்து 2 மீற்றரில் இருந்தால், முன்னால் இருப்பவருக்கு 100 பங்கு வெளிச்சம் விழும்போது பின்னால் நிற்பவருக்கு 33தான். அதே பிளாஷை 4 மீற்றருக்குக் கொண்டுபோனால் பின்வரிசைக்கு 53. இன்னும் பின்னுக்கு, 6.5 மீற்றருக்குப் போனால் 66. ஆக்கள் யாரும் நகரவில்லை. பிளாஷ் மட்டும்தான் பின்னுக்குப் போனது. ஆகவே கூட்டம் பெரிதாகப் பெரிதாக பிளாஷைக் கிட்டக் கொண்டுபோகாமல், பின்னுக்கும் மேலுக்கும் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு விலை உண்டு. 4 மீற்றரிலிருந்து 6.5க்குப் போனால் இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். பிளாஷை முழுப் பலத்துக்கு ஏற்றி அதை வேகவைக்காமல், கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐ.எஸ்.ஓவைக் கூட்டுங்கள். 100இலிருந்து 400க்கு ஏற்றினால் அதே பிளாஷ் இரண்டு மடங்கு தூரம் எட்டும். இப்போதைய கமராக்களில் 800 ஒரு பிரச்சினையே இல்லை. நான் மேலே சொன்ன புள்ளி புள்ளியான படம் கூடின ஐ.எஸ்.ஓவால் வந்ததல்ல, இருட்டாக எடுத்ததைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கப் பார்த்ததால் வந்தது.

வீட்டுக்குள் என்றால்

உள்ளே போனதும் நான் பார்ப்பது முகட்டை. வெள்ளைச் சீலிங், பத்துப் பதினொரு அடிக்கு உள்ளே என்றால் பாதி வேலை முடிந்தது. பிளாஷைக் கமராவிலேயே வைத்துக்கொண்டு தலையை மேலே திருப்பினால் சீலிங்கே ஒரு பெரிய விளக்காகிவிடும். வெளிச்சம் விரிந்து வருவதால் வேர்வை மினுக்கம் தணியும், நிழல்களும் கரைந்துவிடும்.

இதில் ஆக்கள் விடுகிற பிழை, நேரே உச்சிக்கு அடிப்பது. அப்படி அடித்தால் வெளிச்சம் ஆக்களின் தலைக்கு மேலிருந்து கொட்டும். கண்குழி இருண்டு எல்லாரும் நித்திரை முழித்தவர்கள் மாதிரித் தெரிவார்கள். கரம் போட் விளையாடத் தெரிந்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காய் கட்டையில் பட்ட சரிவிலேயே திரும்பி வரும். வெளிச்சமும் அப்படித்தான். அது முகத்துக்கு முன்பக்கமிருந்து வரவேண்டும் என்றால், பிளாஷ் தலையைக் கொஞ்சம் பின்னுக்குக் கிறுக்கி, எனக்குப் பின்னால் இருக்கிற சீலிங்கும் சுவரும் சந்திக்கிற மூலையைப் பார்த்து அடிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் "என்ன புள்ள, கூரைக்குப் படம் எடுக்கிறீங்களா?" என்று சிரிப்பார்கள். சிரித்தால் நல்லதுதானே, அதோடு ஒன்று தட்டிவிடுங்கள்.

கண்ணுக்குள் ஒரு சின்ன மினுக்கம் வேண்டும் என்றால் பிளாஷின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள், தலைக்கு மேல் இரண்டு விரல் அளவு நீட்டிக்கொண்டு. அதற்குக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. கலியாண அழைப்புக் காட்டின் பின்பக்கம் போதும், அது எப்படியும் அந்த வீட்டில் மிச்சம் கிடக்கும்.

சுவர் நிறத்தைக் கவனியுங்கள். நம்மூர் வீடுகளில் பச்சையும் ரோசாவும் நீலமும் சர்வசாதாரணம். பச்சைச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் முகத்தையும் பச்சையாக்கும், அதை எல்லா முகத்திலும் ஒரே மாதிரித் திருத்துவது சீவன் போகிற வேலை. சீலிங் வெள்ளை, சுவர் பச்சை என்றால் சீலிங்கை மட்டும் பாருங்கள். ஓட்டு வீடு, சீலிங்கே இல்லை என்றால் வெளிச்சம் மேலே போய்த் தொலைந்துவிடும். அப்போது நான் சோடனைக்காரத் தம்பிமாரைத் தேடுவேன். பெயர் வெட்டி ஒட்டுவதற்கு அவர்கள் கொண்டுவருகிற வெள்ளை ரிஜிபோமில் (தெர்மோகோல்) எப்படியும் ஒரு பெரிய துண்டு மிஞ்சும். அதைத் தம்பி எனக்குப் பின்னால் கதிரையில் ஏறி நின்று தலைக்கு மேல் சரித்துப் பிடிக்க, நான் அதில் அடிப்பேன். மண்டூர்ப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டில் முப்பது பேரை இப்படித்தான் எடுத்தேன். பிள்ளையின் மாமி இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறா.

மண்டபம் என்றால்

மண்டபத்தில் முகடு எங்கேயோ இருக்கும். அதுவும் தகரமோ, தொங்கவிட்ட துணியோ. அங்கே மேலே அடித்துப் பயனில்லை, இரண்டு ஸ்டான்டும் வெளியே வரவேண்டும்.

எங்கே வைப்பது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு பிளாஷையும் மேடையின் இரண்டு ஓரத்திலும் வைத்து உள்ளுக்குப் பார்த்து அடிப்பார்கள். ஓரத்தில் நிற்பவருக்கு அளவுக்கு மேல் வெளிச்சம், நடுவில் இருக்கிறவரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல், பக்கத்தில் நிற்பவரின் தோளில் அடுத்தவரின் தலை நிழல். நான் இரண்டையும் எனக்கு இடமும் வலமும், ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீற்றருக்குள், எனக்குக் கொஞ்சம் பின்னால் வைப்பேன். உயரம் எட்டு அடிக்குக் குறையாமல். உயரத்தில்தான் ரகசியம் இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து சரிந்து வந்தால் முன்னால் நிற்பவரின் நிழல் பின்னால் நிற்பவரின் முகத்தில் விழாமல் நெஞ்சில் விழும். அந்த அம்மாவின் வாயை மறைத்த நிழல், பிளாஷ் என் தலை உயரத்தில் இருந்ததால் வந்தது.

குடையைப் பின்வரிசையைப் பார்த்துத் திருப்புங்கள், முன்வரிசையை அல்ல. கிட்ட இருக்கிறவருக்கு வெளிச்சத்தின் ஓரம்தான் படும், தூர இருக்கிறவருக்கு நடு. தூரத்தால் போன வெளிச்சத்தில் ஒரு பங்கை இந்தச் சரிவால் திருப்பி எடுக்கலாம். ஒரே ஒரு பிளாஷ்தான் இருக்கிறது என்றாலும் இதே வித்தைதான்: இடது பக்கம் வைத்தால் வலது ஓரத்தில் நிற்கிறவரைப் பார்க்கத் திருப்புங்கள்.

ஸ்டான்டின் காலில் ஒரு சீலைப் பையில் மணல் போட்டுத் தொங்கவிடுங்கள். நம்மூரில் மணலுக்கா பஞ்சம்? நம் மண்டபங்களில் நின்று சுழல்கிற பெரிய மின்விசிறிகள் குடையைப் பாய்மரமாக்கிவிடும். ஒரு தடவை என் குடை வெத்திலை வட்டாவுக்குள் போய் விழுந்தது. நல்ல காலம், மேலே ஆலாத்தி விளக்கு இருக்கவில்லை.

கமராவில் வைக்கிற இலக்கங்கள்

எல்லாம் மனுவலில், அதாவது இலக்கங்களை நானே வைப்பேன். குறூப் படத்துக்கு டிடிஎல் வேண்டாம் என்பது என் கட்சி. டிடிஎல் என்பது பிளாஷால் முதலில் ஒரு சின்ன வெளிச்ச வெட்டு வெட்டி, திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்த்து, பிளாஷ் எவ்வளவு வேண்டும் என்று தானே முடிவெடுக்கிற முறை. கோயில் தர்மகர்த்தாமார் எல்லாரும் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் அது 'வெளிச்சம் கூடிப்போச்சு' என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகி முகங்கள் இருண்டு போகும். கறுப்பு அபாயாக்கள் நிறைந்த வரிசை என்றால் நேர்மாறு: இருட்டு என்று நினைத்துக் கொட்டி, முகங்களை வெள்ளைச் சுண்ணாம்பாக்கும். மணவறையின் தங்கத் தகடு மினுங்கினால் அதற்கு வேறு குழப்பம். ஆக்களும் நானும் நகராமல் நிற்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கிற மெசின் எதற்கு?

நான் தொடங்குகிற இடம்: லென்ஸின் வாய்த் திறப்பு எஃப் 5.6, சட்டர் 1/100 செக்கன், ஐ.எஸ்.ஓ 800, பிளாஷ் கால் பலம். ஒரு படம். தம்பியை நடுவில் நிறுத்தித்தான், ஆக்களை நிறுத்தி அல்ல. முகம் இருண்டால் பிளாஷைக் கூட்டு, வெளுத்தால் குறை. மற்றதைத் தொடவேண்டாம்.

எஃப் 5.6 ஏன்? 35 எம்எம் லென்ஸில், முழுச் சட்டக் கமராவில், 4 மீற்றரில் நிற்கிறவரைக் குறிவைத்தால் ஏறத்தாழ 2.6 மீற்றரிலிருந்து 8 மீற்றருக்கு மேல் வரை தெளிவாக இருக்கும். எஃப் 2இல் அதே இடத்தில் 3.3இலிருந்து 5 மீற்றர் வரைதான். கலங்கின பின்னணி வேண்டும் என்று எஃப் 2இல் எடுத்தால் மூன்றாம் வரிசை விளிம்பில் தொங்கும். திரையில் சின்னதாகப் பார்க்கும்போது தெரியாது. முகத்தை வெட்டிப் பெரிதாக்குகிற அன்றைக்குத்தான் தெரியும். நான்கு வரிசை என்றால் எஃப் 8க்குப் போங்கள்.

அதே 4 மீற்றரில் 35 எம்எம் லென்ஸுக்குள் அகலத்தில் நான்கு மீற்றர் சொச்சம் அடங்கும். தோளோடு தோள் எட்டு ஒன்பது பேர். அதற்கு மேல் ஆக்கள் வந்தால் பின்னுக்குப் போங்கள். இடமில்லை என்றால் இன்னொரு வரிசை சேருங்கள். 24 எம்எம்முக்குத் திருப்பி அமுக்கப் பார்த்தால் ஓரத்தில் நிற்கிறவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். ஓரத்தில் நிற்பது எப்போதும் ஒரு பெரியம்மாவாகத்தான் இருக்கும், "என்ன இவ்வளவு குண்டாக்கி வச்சிரிக்கி" என்ற பழி எனக்கு.

சட்டர் வேகம் பிளாஷின் வெளிச்சத்தைத் தொடாது, அறையில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்தை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும். இதை விளங்கிக்கொண்டால் மண்டபம் உங்கள் கைக்குள். மணவறை விளக்குகள் அழகாக இருந்தால் 1/50 வரை இறக்குங்கள், பின்னணி சூடாக ஒளிரும். டீஜேக்காரன் ஊதாவும் பச்சையுமாகச் சுழற்றுகிறான் என்றால், ஐ.எஸ்.ஓவைக் குறைத்து, சட்டரை 1/200க்கு ஏற்றி, பிளாஷைக் கூட்டுங்கள். அவனுடைய நிறங்கள் மங்கிவிடும். அல்லது போய் "தம்பி, ரெண்டு நிமிசம் அத நிப்பாட்டுங்க" என்று சொல்லுங்கள். இது இன்னும் மலிவு. பெரும்பாலான கமராக்களில் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும், அந்த எல்லையைத் தாண்டவேண்டாம்.

1/50, 1/100 என்று நான் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், விளக்குகள் செக்கனுக்கு நூறு தடவை துடிக்கும். சில மலிவான எல்ஈடிகள் மோசமாகத் துடித்து, படத்தில் கோடு கோடாக விழும். அந்தத் துடிப்போடு ஒத்துப்போகிற வேகம் 1/50உம் 1/100உம்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. பிளாஷ் வெளிச்சம் பகல் மாதிரி. வீட்டு வெள்ளை எல்ஈடிகளோடு அது பெரிதாகச் சண்டை பிடிக்காது. மஞ்சள் விளக்கு மண்டபங்களில் முகம் நீலமாகவும் பின்னணி செம்மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். பிளாஷில் ஒரு செம்மஞ்சள் ஜெல் தாள் ஒட்டி, கமராவின் நிற அமைப்பான வைட் பாலன்ஸை விளக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும்.

"வெள்ளையா எடுத்துத் தாங்க" என்று கேட்கிறவர்களுக்கு நான் தலையாட்டிவிட்டு, எப்படி எடுப்பேனோ அப்படியேதான் எடுப்பேன். வெளுக்க வைத்த முகத்தில் சிரிப்பின் கோடும் போய்விடும், மூக்குத்தியின் கல்லும் போய்விடும்.

ஆக்களை நிறுத்துவது

எங்கள் ஆக்கள் படத்துக்கு நில்லுங்க என்றால் சுவரோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். ஒன்றரை மீற்றர் முன்னுக்குக் கொண்டுவாருங்கள், சுவர் நிழல் கீழே விழுந்து படத்தை விட்டுப் போய்விடும். முன்வரிசை கதிரை, அதில் பெரியவர்கள். அம்மம்மாமார் "நமக்கென்னத்துக்கு" என்று பின்னுக்குத்தான் போவார்கள். கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டி வாருங்கள். வரமாட்டேன் என்றால், முன்னால் நிற்கிற பொடியனைக் குனிய வைக்காமல், இடம் மாற்றுங்கள். குனிந்து நிற்கிறவன் மூன்றாவது படத்தில் நிமிர்ந்துவிடுவான்.

நான் சொல்கிற சோதனை ஒன்று: "என்ட லைட் ரெண்டும் எல்லாருக்கும் தெரியுதா? ஒரு கண்ணுக்காவது தெரியாத ஆள் கொஞ்சம் கிறுகி நில்லுங்க." பிளாஷ் தெரியாத முகத்துக்கு பிளாஷ் வெளிச்சமும் போகாது. காத்தான்குடியில் ஒரு ராத்தா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்மட மூத்தம்மாக்கு ஒரு லைட்டும் தெரியாதே, கண் வருத்தம் புள்ள" என்றா. மூத்தம்மாவை முன்னால் இருத்தினோம்.

அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் தொழில்நுட்பத்துக்கு முதல் பழகவேண்டியது இன்னொன்று: பெண்கள் பகுதிப் படங்கள் என் போனுக்கோ முகநூலுக்கோ போகாது. அன்றைக்கு இரவே கமராவின் மெமரிக் காட்டை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மறுபடியும் கரம் கணக்கு. பிளாஷ் உயரத்தில் இருந்தால் கண்ணாடியில் பட்டது கீழே தெறிக்கும், லென்ஸுக்கு வராது. அப்படியும் மினுங்கினால் நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியின் காதுப் பக்கத்தை ஒரு நூல் உயர்த்தி விடுங்கள். கழற்றச் சொல்லவேண்டாம். நாற்பது வருசமாகக் கண்ணாடி போட்டவரைக் கண்ணாடி இல்லாமல் எடுத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆள் யாரென்று தெரியாது.

பவுடர் விசயம். சில பூச்சுகள் நேரில் தெரியாது, பிளாஷில் மட்டும் முகத்தை வெள்ளையடித்த மாதிரிக் காட்டும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பொம்பிளைக்கு மேக்கப் முடிந்ததும் ஒரு படம் பிளாஷோடு எடுத்து, மேக்கப் பிள்ளையிடம் காட்டிவிடுங்கள். வேர்வைக்கு நான் பையில் ஒரு கட்டு டிசு வைத்திருப்பேன். முன்வரிசைக்கு ஆளுக்கொன்று.

கண் மூடுகிறவர்கள்

ஒரு வீட்டில் ஒருவராவது இருப்பார், எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கிறவர். பிளாஷ் அடிக்க முதல் மூடிவிடுகிறாரே என்று ஆச்சரியப்படுவார்கள். டிடிஎல்லின் அந்த முதல் சின்ன வெட்டுக்குச் சிலருடைய இமை பதில் சொல்லிவிடுகிறது. முக்கிய வெட்டு வரும்போது கண் பாதி மூடியிருக்கும். மனுவலில் முன்வெட்டே இல்லை. இதுவும் நான் மனுவலுக்கு நிற்பதற்கு ஒரு காரணம்.

எத்தனை படம் எடுத்தால் எல்லாருடைய கண்ணும் திறந்த ஒன்று கிடைக்கும் என்று அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சீஎஸ்ஐஆர்ஓவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இரண்டு பேர் கணக்கே போட்டிருக்கிறார்கள். சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு அவர்களுக்கு 2006இல் கணிதத்துக்குக் கிடைத்தது. இருபது பேருக்குக் குறைவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆக்களின் எண்ணிக்கையை மூன்றால் பிரி, மோசமான வெளிச்சத்தில் இரண்டால் பிரி. அத்தனை படம் எடு. பதினெட்டுப் பேருக்கு ஆறு, அல்லது ஒன்பது. ஐம்பது பேர் என்றால் ஆசையை விட்டுவிடு என்பதுதான் அவர்களுடைய முடிவு.

நம் குடும்பங்கள் ஐம்பதுக்குக் குறையுமா? அதனால் நான் கமராவை முக்காலியில் வைத்து, அசையாமல் எட்டுப் பத்து எடுத்துக்கொள்வேன். யாருடைய கண்ணாவது மூடியிருந்தால் பக்கத்துப் படத்திலிருந்து அந்த முகத்தை எடுத்து வைக்கலாம். முக்காலியும் வெளிச்சமும் மாறாதபடியால் ஒட்டுத் தெரியாது. எண்ணும்போது "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லி மூன்றில் எடுக்கவேண்டாம், மூன்று வரைக்கும் கண்ணை விறைத்துப் பிடித்தவர்கள் அந்த இடத்தில்தான் மூடுவார்கள். "எல்லாரும் கண்ண மூடுங்க, மறுகா நான் சொல்லக்குள்ள தொறங்க" என்பேன். திறந்த அடுத்த கணம் யாருக்கும் கண் சிமிட்டத் தோன்றாது.

கரண்ட் இல்லாத நாள்

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் செங்கலடிப் பக்கம் ஒரு சாமத்திய வீடு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. குத்துவிளக்கும் போன்களும்தான் வெளிச்சம். பிளாஷுக்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லையே என்று தைரியமாகப் போனேன், ஆனால் இருட்டில் கமராவுக்குக் குறிபிடிக்க முடியவில்லை; லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி போன் டோர்ச்சை நடு முகத்தில் அடிக்க, குறிபிடித்து, குவியத்தை மனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, டோர்ச்சை அணைத்து எடுத்தோம். இப்போது கரண்ட் இருந்தாலும் அப்படியேதான் செய்கிறேன். முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் குறிவைத்துப் பூட்டிவிட்டால் பத்துப் படமும் ஒரே தெளிவு.

பற்றரி எப்போதும் சார்ஜ் பண்ணுகிற நிக்கல் வகைதான். அதில் 1.2 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1.5 வோல்ட் அல்கலைனை வாங்காதீர்கள். மின்னோட்டத்தை வேகமாகக் கொடுப்பது சார்ஜ் பற்றரி, பிளாஷ் சீக்கிரம் அடுத்த வெட்டுக்குத் தயாராகும். இரண்டு பிளாஷுக்கு எட்டு, பையில் இன்னொரு எட்டு.

போனில் எடுக்கிறவர்கள் அதன் விளக்கை அணைத்துவிடுங்கள். அது பிளாஷ் இல்லை, குட்டி டோர்ச், இரண்டு மீற்றருக்கு அப்பால் அதனால் ஒன்றும் ஆகாது. பகல் என்றால் ஆக்களை யன்னலையோ வாசலையோ பார்க்க நிறுத்தி, நீங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. எடுத்ததும் திரையில் முழுப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பெரிதாக்கி, பின்வரிசை இடது மூலை, வலது மூலை, பிறகு முன்வரிசையின் இரண்டு ஓரம், நாலு முகத்தையும் பாருங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கத்து ஆக்கள் வெளியூரில் இருந்த சொந்தக்காரரின் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் விரல் வைத்துக் காட்டியது பெரும்பாலும் மூலைகளைத்தான். பத்து செக்கன் வேலை. ஆக்கள் புறுபுறுப்பார்கள், சின்னதுகள் அழும், பந்தியில் சோறு போடத் தொடங்கிவிட்டார்கள் என்று யாராவது சத்தம் போடுவார்கள். நாலு மூலையும் சரி என்று கண்டபிறகுதான் நான் "சரி, சாப்பிடப் போகலாம்" என்று சொல்வேன். அந்தச் சொல் வாயை விட்டுப் போனால் பிறகு ஒருவரையும் பிடிக்க ஏலாது.